செட் என்னும் ஆங்கில வினை: பிறவினை மூலமும் பொருள் விரிவும்

ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களையுடைய சொல் எது என்னும் வினாவிற்கு நெடுங்காலம் ஒரே விடை கூறப்பட்டு வந்தது. 1989ஆம் ஆண்டு 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், செட் என்னும் வினைச்சொல் 430 பொருட்பிரிவுகளுடன் ஏறத்தாழ 60,000 சொற்கள் அளவிற்கு விளக்கப்பட்டிருந்தது. அவ்வகராதியில் அதனினும் நீண்ட பதிவு வேறொன்றில்லை. மூன்றாம் பதிப்பிற்கான திருத்தப்பணி தொடங்கிய பின்னர், 2000இல் மேக் என்னும் வினையும், 2007இல் புட் என்னும் வினையும், 2011இல் 645 பிரிவுகளுடன் ரன் என்னும் வினையும் அவ்விடத்தைப் பெற்றன. எனினும் பொது அறிவு நூல்களில் செட் இன்றளவும் முதலிடத்திலேயே வைக்கப்பட்டு வருகிறது.

430 என்னும் எண் வியப்பூட்டுவது. ஆனால் சொல்லை விளக்குவதில்லை. ஒரு சொல்லுக்கு 430 பொருள் உண்டு என்றால், அதைப் பேசுவோர் 430 பொருள்களை மனனம் செய்துள்ளனர் என்று கொள்ளுதல் இயலாது. ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர்க்கு இச்சொல் வை, பதி, நிறுவு, மறை, இறுகு, புறப்படு எனத் தொடர்பற்ற சொற்களின் பட்டியலாகவே கற்பிக்கப்படுகிறது. பட்டியலை ஒருங்கிணைக்கும் இழை எது என்பதைக் காண, சொல்லின் பிறப்பை நோக்க வேண்டும். அப்பிறப்பு தமிழ் இலக்கணம் அறிந்தோர்க்கு அயலான ஒன்றன்று. செட் என்பது சிட் என்னும் தன்வினையின் பிறவினை. தமிழில் இரு, இருத்து என வருவது யாதோ, அதுவே அங்குச் சிட், செட் என வந்துள்ளது.

சொற்பிறப்பு

இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் அமர்தற் பொருளில் ஸெத் என்னும் வேர் மீட்டுருவாக்கம் செய்யப்பட்டுள்ளது. இலத்தீனின் செதேரே, வடமொழியின் ஸத் ஆகியன இதன் வழிவந்தவை. உபநிடதம், பரிஷத், சதஸ் ஆகிய, தமிழ்நாட்டிற் கேட்டுப் பழகிய சொற்களுள் இவ்வேரே மறைந்துள்ளது. பரிஷத் என்பது சுற்றி அமர்ந்தோர் கூட்டம். பறவைக் கூட்டைக் குறிக்கும் வடமொழி நீடம் என்பதும் ஆங்கில நெஸ்ட் என்பதும், கீழே அமர்தல் என்னும் பொருளமைந்த ஒரே கூட்டுச்சொல்லின் இரு கிளைகள்.

இவ்வேரிலிருந்து பிறவினை ஆக்குங்கால் மூலமொழியில் இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்தன. வேரின் எகரம் ஒகரமாயிற்று. வேரின் பின் ஒரு விகுதி சேர்ந்தது. செருமானியக் கிளையில் ஒகரம் அகரமாகவும், ஒலிப்புடைய தகரம் ஒலிப்பிலா டகரமாகவும் மாறின. பிந்திய மாற்றம், யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்துக்காட்டிய ஒலிமாற்ற விதியுள் அடங்குவது. விகுதி யகர அளவில் குறுகியது. இவ்வாறு அமைந்த ஸட்யன் என்னும் வடிவம், கிறித்துவுக்குப் பிந்திய 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா விவிலியத்தை மொழிபெயர்த்த கோத்திய மொழியில் அவ்வண்ணமே காணப்படுகிறது.

பழைய ஆங்கிலத்தை அடையும்போது இச்சொல் செட்டன் என்றாகிவிட்டது. விகுதியின் யகரம் தனக்கு முன்னின்ற மெய்யை இரட்டிக்கச் செய்தது. அதற்கும் முன்னின்ற அகரத்தை எகரமாக்கியது. பின்னர்த் தான் மறைந்தது. பின்வரும் ஒலி முன்னிற்கும் உயிரைத் தன்பால் ஈர்க்கும் இந்நிகழ்ச்சி தமிழர்க்கு விளங்காத ஒன்றன்று. இலை என்பது பேச்சில் எலை என்றும், உடம்பு என்பது ஒடம்பு என்றும் ஒலிப்பதும் அடுத்த அசையின் உயிரால் நேர்வதே. திசை வேறு, அங்கு உயிர் மேலேறியது, இங்கு இறங்கியது. தமிழில் ஈர்த்த உயிர் இன்றும் சொல்லில் நிற்கிறது. ஆங்கிலத்திலோ ஈர்த்த ஒலி அழிந்துபோய், அது விட்டுச்சென்ற சுவடு மட்டுமே எஞ்சியுள்ளது. சிட், செட் என்னும் இரண்டன் உயிர் வேறுபாடே அச்சுவடு.

இதன் உடன்பிறந்த வடிவங்கள் செருமன் மொழியில் செட்சன் எனவும், டச்சு மொழியில் ஸெட்டன் எனவும், பழைய நார்ஸ் மொழியில் செட்யா எனவும் வழங்கும்.

இறந்தகாலம் மாறாமை

செட் என்னும் வினை நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் எச்சத்திலும் ஒரே வடிவில் நிற்பது பள்ளி மாணவர்க்கு ஒரு புதிர். விதிவிலக்கு என்று கூறி ஆசிரியர்கள் கடந்து செல்வர். உண்மையில் இது விதியை வழுவாது பின்பற்றியதன் விளைவாகும். பிறவினைகள் இறந்தகாலத்தைப் பல்லொலி விகுதியால் காட்டின. செட்டன் என்பதன் இறந்தகாலம் செட்டெ. வேரின் இறுதி டகரத்தோடு விகுதியின் டகரம் கலந்தது, பின்னர் ஈற்று எகரம் தேய்ந்தது, எஞ்சியது செட். விகுதி வராமற் போகவில்லை, வந்து கரைந்துவிட்டது. கட், ஹிட், புட் முதலியன இன்று இதே வாய்பாட்டில் நிற்பதற்கும் டகர ஈறே இடந்தந்தது.

சிட் என்னும் தன்வினையோ விகுதி வேண்டாது, சேட் என உயிரை மாற்றியே இறந்தகாலம் காட்டும் பழைய வகுப்பைச் சேர்ந்தது.

பிறவினைக் குடும்பம்

செட் தனித்து நிற்கும் சொல்லன்று. கிடத்தற் பொருளுடைய லை என்பதற்கு லே, விழுதற் பொருளுடைய ஃபால் என்பதற்கு ஃபெல், எழுதற் பொருளுடைய ரைஸ் என்பதற்கு ரியர் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு குடும்பம் உண்டு. தமிழில் இவற்றை இரு–இருத்து, கிட–கிடத்து, வீழ்–வீழ்த்து என நிறுத்திப் பார்ப்பின் பொருத்தம் எளிதில் விளங்கும். ஃபெல் என்பது இன்று பெரிதும் மரத்தை வீழ்த்துதலுக்கே வழங்குகிறது. ரியர் என்பதன் நார்ஸ் உடன்பிறப்பாகிய ரெய்ஸ் என்பதும் ஆங்கிலத்துள் புகுந்தமையால், ஒரே பிறவினை இரு வடிவில் அங்கு வாழ்கிறது. முன்னது பெரும்பாலும் வளர்த்தலையும், பின்னது உயர்த்தலையும் குறிக்கும்.

டிரென்ச் என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. இது குடித்தற் பொருளுடைய டிரிங்க் என்பதன் பிறவினை. குடிக்கச் செய்தல் என்பது இதன் முதற்பொருள். பொதுவழக்கில் நனைத்தல் என்று பொருள் திரிந்துவிட்ட போதிலும், கால்நடைக்கு வாய்வழி மருந்து புகட்டுதல் என்னும் பழம்பொருள் கால்நடை மருத்துவத்தில் இன்றும் உள்ளது. தமிழிலும் மாட்டிற்கு மருந்தைப் ‘புகட்டுதல்’ என்னும் வழக்கில் புகு என்பதன் பிறவினை நிற்பதைக் காணலாம். தன்வினையோடு இருந்த உறவைப் பேசுவோர் மறந்த பின்னும், தொழில் வழக்கு பழைய பொருளைக் காத்து வைத்திருக்கும்.

இவ்வொப்புமை இனவுறவைக் காட்டுவதாகக் கொள்ளற்க. திராவிட மொழிகளில் பிறவினையாக்கம் வேறு வழியில் வளர்ந்தது. ஆடு–ஆட்டு, திருந்து–திருத்து, அடங்கு–அடக்கு என மெய் வன்மையடைதலும், சேர்கிறான்–சேர்க்கிறான் எனக் கால இடைநிலை வேறுபடுதலும், வி, பி என்னும் விகுதிகள் சேர்தலும் என அது பல்வகைப்படும். வி, பி ஆகியவற்றை நன்னூல் எடுத்தோதுகிறது. வல்லினம் இரட்டித்துப் பிறவினையாதலைக் கால்டுவெல் 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் விரித்துரைத்தார். இருமொழிக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு வேறொன்று. தமிழில் இவ்வமைப்பு பேசுவோர்க்குப் புலனாகும் வகையில் உயிருடன் இயங்குகிறது. ஆங்கிலத்தில் அது பழைய ஆங்கிலக் காலத்திலேயே ஆக்கத்திறன் இழந்து, ஒரு கைப்பிடிச் சொற்களில் மட்டும் உறைந்துவிட்டது.

அமைப்பு புலனாகாத இடத்தில் குழப்பம் புகுதல் இயல்பு. லை என்பதன் இறந்தகாலமும் லே என்றே ஒலிப்பதால், கற்றோரும் கிடத்தலையும் கிடத்துதலையும் மயக்குவர். சிட் வரவேண்டிய இடத்தில் செட் வருதல் அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சில் பெருவழக்கு. இலக்கண ஆசிரியர்கள் இதனைப் பிழை என விலக்குவர். ஆயினும் அடைகாக்கும் கோழியைக் குறிக்குங்கால் செட் என்பதன் அடிப்படையிலான தொடரும் சிட் என்பதன் அடிப்படையிலான தொடரும் ஒருங்கே வழங்குகின்றன. தமிழில் கோழி அடைகாக்கும், வளர்ப்பவர் அதனை அடைவைப்பார் என வினை தெளிவாகப் பிரிகிறது.

வைத்தலிலிருந்து விரிந்த பொருள்கள்

ஒன்றை அமரச் செய்தல் என்பதிலிருந்து, அதற்குரிய இடத்தில் நிலைபெறச் செய்தல் என்னும் பொருள் எளிதாகப் பிறக்கிறது. உரிய இடம், நிலைபேறு ஆகிய இரு கூறுகளும் முதன்மையானவை. இவையே செட் என்பதைப் புட் என்பதிலிருந்து பிரிப்பவை. புத்தகத்தை எங்கேனும் வைத்தல் புட். மோதிரத்தில் கல்லைப் பதித்தல் செட். முறிந்த எலும்பைப் பொருத்துதல், பொறி வைத்தல், அச்சுக் கோத்தல், கடிகாரத்தைச் சரியான நேரத்திற்குத் திருப்பி வைத்தல், திருமணத்திற்கு நாள் குறித்தல், வினாத்தாள் அமைத்தல், பாடலுக்கு இசையமைத்தல் ஆகிய அனைத்தும் ஒரே கருத்தின் விரிவுகள். தமிழ் ஒவ்வொரு தொழிலுக்கும் தனி வினை வழங்க, ஆங்கிலம் ஒன்றனையே வழங்குகிறது. 430 என்னும் எண்ணிக்கையில் பெரும்பகுதி செட் எடுத்துக்கொள்ளும் செயப்படுபொருள்களின் எண்ணிக்கையே அன்றி, அவ்வினையின் பொருள்களின் எண்ணிக்கை அன்று. தமிழ் வை என்பதையும் தீ வைத்தல், பெயர் வைத்தல், கடை வைத்தல், மீசை வைத்தல், குறி வைத்தல், அன்பு வைத்தல் எனச் செயப்படுபொருள் தோறும் பிரித்தெண்ணின், அதன் பதிவும் பல பக்கங்களுக்கு நீளும்.

இச்சிக்கலை சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே உணர்த்தியுள்ளார். செட், புட், கெட், மேக் முதலிய வினைகளைப் பெயர் சுட்டி, அவற்றின் பொருள் பிடிக்குள் அடங்காது நெகிழ்ந்து செல்வதால் அகராதியாளர் படும் இடரை அவர் அங்கு முறையிடுகிறார். ஆக்ஸ்போர்டு அகராதியின் முதற்பதிப்பில் இச்சொல் அமைந்த பகுதியைப் பதிப்பித்தவர் ஹென்றி பிராட்லி. பொருள்களைப் பிரித்தலினும் எங்கு நிறுத்துவது என முடிவு செய்தலே இத்தகைய பணியில் அரிது.

வை என்பதோடு செட் ஒத்துச்செல்லும் மற்றோரிடமும் உண்டு. அவன் சொல் அவளைச் சிந்திக்க வைத்தது, பொறியை ஓட வைத்தான் என்னும் தமிழ்த் தொடர்களில் வை துணைவினையாய் நின்று காரணப்பொருள் தருகிறது. ஆங்கிலத்திலும் செட் இவ்வாறே மற்றொரு வினையின் முன் நின்று, ஒருவரைச் சிந்திக்கவும் ஒரு பொறியை இயங்கவும் செய்யும். பிறவினை விகுதியால் பிறந்த ஒரு சொல், அவ்விகுதி செத்தபின், தானே பிறவினைக் கருவியாய் நிற்பது குறிப்பிடத்தக்கது. தமிழ்ப் பேச்சு வழக்கிலும் செய்வி என்பதன் இடத்தைச் செய்யவை பெருமளவு கைப்பற்றியுள்ளது.

ஞாயிறும் பாகும்

பிறவினை என்று கூறியபின், செயப்படுபொருள் இன்றி இச்சொல் வருமிடங்களுக்கு விளக்கம் வேண்டும். ஞாயிறு மறைதல், பாகும் சிமெண்டும் இறுகுதல், பயணம் புறப்படுதல், மழைக்காலம் தொடங்குதல் ஆகியவை அனைத்திற்கும் ஆங்கிலத்தில் செட் வரும். சில இடங்களில் ஓர் இடைச்சொல் உடன் நிற்கும். இங்கு எதை யார் இருத்துகின்றனர்?

தன்னைத் தான் இருத்திக்கொள்ளுதல் என்னும் தற்சுட்டு அமைப்பே இவற்றிற்கு வழிகோலியதாகும். செருமன் மொழியில் ஒருவர் அமர்வதைக் கூற, தன்னை என்னும் சொல்லோடு செட்சன் இன்றும் வருகிறது. ஆங்கிலத்தில் அச்சுட்டு காலப்போக்கில் உதிர, வினை மட்டும் தன்வினை போல் நின்றது. பழைய ஆங்கிலத்தில் ஞாயிற்றின் மறைவு செட்ல்காங் எனப்பட்டது. இருக்கைக்குச் செல்லுதல் என்பது அதன் பொருள். பகல் முழுதும் நடந்த கதிரவன் மாலையில் தன் இருக்கையை அடைகிறான் என்னும் எண்ணம் அதில் அமைந்துள்ளது. மத்திய ஆங்கிலக் காலத்தில் அப்பெயர் வீழ, செட் என்னும் வினை அவ்விடத்தை ஏற்றது.

தமிழில் இதே காட்சிக்குப் படுதல், அடைதல், சாய்தல் ஆகிய வினைகள் உண்டு. கோழி கூட்டில் அடைவது போல் ஞாயிறும் அடைகிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைப்பகுதி இன்றும் படுவான்கரை என்றும், கிழக்குக் கரைப்பகுதி எழுவான்கரை என்றும் வழங்கப்படுகின்றன. செட் என்பதற்கு மறை எனப் பொருள் எழுதும் அகராதிகள் காட்சியைச் சரியாகத் தந்து, உருவகத்தை இழந்துவிடுகின்றன. படு என்பது இரண்டையும் தரும்.

இறுகுதற் பொருளுக்கும் இவ்விளக்கமே பொருந்தும். அலையும் நீர்மம் அலைவொழிந்து ஓரிடத்து அமர்கிறது, அமர்ந்தது இறுகுகிறது. தமிழில் உறை என்னும் வினையைக் கருதுக. ஓரிடத்தில் தங்கி வாழ்தலும் உறைதல்; பால் தயிராதலும் நீர் பனிக்கட்டியாதலும் உறைதல். தங்குதலிலிருந்து இறுகுதல் என்னும் இதே வழியை, தொடர்பற்ற இரு மொழிகள் தனித்தனியே காட்டுகின்றன.

பெயர்ச்சொல்லின் வேறு மூலம்

தொகுதி என்னும் பொருளில் வரும் செட் என்னும் பெயர்ச்சொல்லை இவ்வினையின் ஆக்கமாகவே பலர் கருதுவர். அது முழுமையான உண்மையன்று. பின்பற்றுதற் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்த செக்தா, பழைய பிரெஞ்சு மொழியில் செட்டே எனத் தேய்ந்து, ஒரு கொள்கையைப் பின்பற்றுவோர் குழு என்னும் பொருளுடன் ஆங்கிலத்துள் புகுந்தது. பின்னர் வினையோடு ஒலியால் ஒன்றி, ஒழுங்குபட அமைக்கப்பட்டவை என்னும் சாயலையும் பெற்றது. இரு நீரோட்டங்கள் கலந்த இடம் அது. கணிதவியலில் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கணம் என்றும், இலங்கைப் பாடநூல்கள் தொடை என்றும் இதனை ஆள்கின்றன. குழு எனப் பொருள்படும் கணம் முதல் நீரோட்டத்தையும், தொடுத்து அமைத்தது எனப் பொருள்படும் தொடை இரண்டாவதையும் நினைவூட்டுவது தற்செயலே எனினும் சுவையானது.

தமிழில் செட்

இச்சொல் இன்று தமிழ்ப் பேச்சிலும் புகுந்துள்ளது. பாத்திரச் செட்டு, பம்ப்செட், செட் தோசை ஆகியவற்றில் பெயராக வரும். திரைப்படத் தொழிலில் அமைக்கப்பட்ட அரங்கைக் குறிக்கும். நண்பர் குழாத்தை ‘எங்கள் செட்டு’ எனக் கூறும்போது, செக்தாவின் பழம்பொருள் அறியப்படாமலே மீள்கிறது. சிக்கனத்தைக் குறிக்கும் தமிழ்ச் செட்டு வேறு சொல். கட்டும் செட்டுமாக என்னும் வழக்கிற்கும் இதற்கும் தொடர்பில்லை.

வினையாக வருமிடத்தே ஆய்வுக்குரிய செய்தி உள்ளது. தமிழர் இச்சொல்லைத் தனி வினையாகக் கொள்ளவில்லை. நேரத்தைச் செட் பண்ணினான் என்றும், சிமெண்டு செட் ஆகிவிட்டது என்றும், இந்தச் சட்டை எனக்குச் செட் ஆகவில்லை என்றும் பண்ணு, ஆகு ஆகிய துணைவினைகளில் ஒன்றைச் சேர்த்தே வழங்குகின்றனர். செயப்படுபொருள் குன்றாத இடத்தில் ஆகு வருவதில்லை. குன்றிய இடத்தில் பண்ணு வருவதில்லை. அமைத்தலையும் அமைதலையும் ஆங்கிலத்தில் செட் என்னும் ஒரே வடிவம் குறிக்க, அக்கலப்புற்ற சொல்லைக் கடன்பெற்ற தமிழ், தன் இலக்கணத்தின் தேவைக்கேற்ப அதனை மீண்டும் இரண்டாகப் பிரித்துக்கொண்டது. பொருந்தாமையைக் குறிக்கும் ‘செட் ஆகாது’ என்னும் தொடர், ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு வழக்கில் இல்லாத ஒரு பொருளையும் ஆகு என்பதன் வழியே தமிழில் ஈன்றுள்ளது. ‘எனக்கும் அவனுக்கும் ஆகாது’ என்னும் பழைய தொடரின் மீது செட் வந்து அமர்ந்திருக்கிறது.